வெளியில் ஒலிப்பதிவு செய்ய எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

தூறல்

வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

விடியற்காலைப் பறவைகள், ஓடைத் தண்ணீர், தகரக் கூரையில் விழும் மழை. ஒரு வருடமாக இவற்றைக் கைபேசியில் பதிவு செய்துவருகிறேன். திரும்பக் கேட்டால் மனம் ஆறவில்லை. குயில் கூவும்வரை சரியாக இருக்கிறது. அது நிறுத்தியதும் பின்னாலிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் மெல்ல மேலேறி வருகிறது, மறுபடி கூவியதும் அமுங்கிவிடுகிறது. மழையைக் கேட்டால் மழைபோலவே இல்லை, எதையோ வாணலியில் வறுப்பதுபோல இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. என் பாட்டிக்கு எண்பத்தாறு வயது. அவர் சொல்லும் பழைய கதைகளை அவர் குரலிலேயே எடுத்துவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தேடிப்பார்த்ததில் இரண்டு வழி தெரிகிறது. ஜூம் எச்1 எசென்ஷியல் மாதிரி, மைக் உள்ளேயே இருக்கும் சின்ன ரெக்கார்டர் ஒன்று. அல்லது ஜூம் எஃப்3 வாங்கி, மைக்கைத் தனியாகச் சேர்ப்பது. 32 பிட் ஃப்ளோட் இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். 96 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா என்பதும் புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்காது

வாங்க தூறல். அந்த ஏறி இறங்கும் 'உஸ்' கைபேசி தானாகவே கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, கூட்டிக் குறைப்பதால் வருவது. எதிரில் ஒருவர் பேசுகிறார், பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும் என்ற கணக்கில் செய்த ஏற்பாடு அது. மழை அதற்கு வெறும் இரைச்சல்தான், அதனால் அழிக்கப் பார்க்கிறது. நீங்கள் தேடிப்போன சத்தத்தையே அது குப்பை என்று நினைக்கிறது. இப்படித் தானாக லெவலை மாற்றுவதை அணைக்க முடிகிற ரெக்கார்டர் எதை வாங்கினாலும் இந்தத் தொல்லை முதல் நாளே தீர்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். நீங்கள் பதிவு செய்யப்போகும் சத்தங்களிலேயே மிகச் சன்னமானது எது? மழையும் ஓடையும் தாராளமாகச் சத்தம் போடுபவை, எந்த ரெக்கார்டரும் சமாளிக்கும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், அதிலும் கஷ்டமில்லை. விடியலுக்கு அரை மணி முன்னால் தூரத்தில் ஒரே ஒரு பறவை குரல் கொடுக்குமே, அங்கேதான் எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு மைக்குக்கும் சொந்தமாக ஒரு சீறல் உண்டு. முழு அமைதியில் வைத்தாலும் அது இருக்கும். கைக்குள் அடங்கும் ரெக்கார்டர்கள் பலவற்றில் உள்ள மைக்குகளுக்கு இது 20 டெசிபெலுக்கு மேல். காற்றில்லாத இரவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், சுற்றுப்புறமே 20 டெசிபெலுக்குக் கீழே போய்விடும். அப்போது நீங்கள் பதிவு செய்வது இரவை அல்ல, மைக்கை. ப்ரைமோ இஎம்272 என்ற சின்ன மைக் கேப்ஸ்யூலுக்கு (மைக்கின் உள்ளே சத்தத்தை வாங்கும் பகுதி அது) சொந்தச் சீறல் 14 டெசிபெல். சென்ஹைசர் எம்கேஎச் 8020க்கு 10. ரோட் என்டி1 ஸ்டுடியோவுக்கான பெரிய மைக், அதற்கு 4.5 தான், ஆனால் ஈரத்தில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிந்தால் யாரிடமாவது ஒரு ரெக்கார்டரை இரவல் வாங்குங்கள். நள்ளிரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதைக் கனமான போர்வைக்குள் சுற்றி வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். லெவலை நன்றாக ஏற்றிக் கேளுங்கள். கேட்பது பெரும்பாலும் அதன் சொந்தக் குரல். விளம்பரத்தில் இல்லாத விவரம் அதில் கிடைக்கும்.

காட்டுவழி

நெடுங்காது அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: காற்று.

நான் முதன்முதலில் நல்ல ரெக்கார்டரோடு போன காலை மறக்காது. இருட்டிலேயே நடந்து, ஒரு பாறை மேல் ரெக்கார்டரை வைத்து, கூடவே வந்த கறுப்பு ஃபோம் உறையை மாட்டிவிட்டு நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் பட்டும் படாத காற்றுதான். இலைகூட அசையவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் ஆரம்பம் முதல் முடிவு வரை 'டும் டும்' என்று யாரோ மூட்டையைப் போட்டு அடிப்பதுபோல இருக்கிறது. அதற்குள் எங்கோ பறவைகள். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். நான் கொண்டுபோகவே இல்லை.

ஃபோம் உறை வாய்க்கு எதிரில் பேசும்போது வரும் மூச்சுக்காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். திறந்தவெளிக்கு நீளமான உரோமம் வைத்த உறை கட்டாயம் வேண்டும். ரெக்கார்டர் வாங்கும் அன்றே அதற்குப் பொருந்தும் உரோம உறை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத ரெக்கார்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளியில் பாதி நாள் பையிலேயே கிடக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி கொஞ்சம் உதவும். ஆனால் காற்று மைக்கையே திணறடித்துவிட்டால் அதற்கப்புறம் வெட்டி என்ன பயன்?

அப்புறம், கையில் பிடித்துக்கொண்டு பதிவு செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உடம்பில் விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் 'கரக்' என்று விழும். அடியில் ட்ரைபாட் திருகும் துளை இருக்கிறதா பாருங்கள். சின்ன ட்ரைபாட் போதும்.

பின்னிரவு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தொடங்குகிறவருக்கு மைக் உள்ளே இருக்கும் சின்ன ரெக்கார்டர்தான் சரி. தனி மைக், கேபிள், உறை, ஸ்டாண்ட் என்று சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கிளம்புவதே ஒரு வேலையாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஆந்தை கத்தும். நீங்கள் கேபிளை அவிழ்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பதினைந்து வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். இன்றுவரை அதிகம் பதிவானது சோனி பிசிஎம்-எம்10 என்ற சட்டைப்பை ரெக்கார்டரில்தான். 2009இல் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை. அதைவிடச் சுத்தமாகப் பதிவு செய்யும் பெட்டிகள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அது எப்போதும் பையில் இருந்தது. இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் நாள்கணக்கில் கவலையில்லை. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டே பதிவுப் பொத்தானை அழுத்த முடியும்.

வாங்கும்போது பாருங்கள்: ஆன் செய்து எத்தனை வினாடியில் பதிவுக்குத் தயாராகிறது? கையுறை போட்ட விரலால் அழுத்த முடிகிறதா? எல்லாம் தொடுதிரை என்றால் பனி பெய்யும் அதிகாலையில் அவதிதான். முன்பதிவு வசதி, அதாவது பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய இரண்டு வினாடியையும் சேர்த்து எடுக்கும் வசதி, இருந்தால் விடாதீர்கள். பறவை கூப்பிட்ட பிறகுதானே நாம் பொத்தானைத் தேடுகிறோம்!

1889இல் லுட்விக் கோச் என்ற ஜெர்மானியச் சிறுவன் தன் வீட்டில் வளர்ந்த சோலைபாடிப் பறவையின் பாட்டை மெழுகு உருளையில் பதிவு செய்தான். எட்டு வயது. நமக்குத் தெரிந்த முதல் பறவைப் பதிவு அதுதான். அந்தச் சீறலையும் கரகரப்பையும் தாண்டி அந்தப் பறவை இன்றும் பாடுகிறது. எனக்கு அதை நினைத்தாலே சிலிர்க்கும்.

தூறல்

எல்லோருக்கும் நன்றி. உரோம உறை பற்றி யோசிக்கவே இல்லை. 32 பிட் ஃப்ளோட் பற்றி யாராவது விளக்குங்களேன்.

அளவுகோல்

விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

பிட் என்பது சத்தத்தின் ஒவ்வொரு அளவையும் எழுத எத்தனை இலக்கம் என்ற கணக்கு. 16 பிட்டில் மிகச் சன்னமான சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடம் இருக்கிறது. 24 பிட்டில் கணக்குப்படி 144. 32 பிட் ஃப்ளோட்டில் 1,500க்கும் மேல். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபைல் அவ்வளவு பெரிய பாத்திரம், ஆனால் அதில் ஊற்றுவது மைக்கும், மைக்கின் சன்னமான மின்குறியை ரெக்கார்டருக்குள் பெருக்கும் ப்ரீஆம்பும்தான். எஃப்3 மாதிரியான கருவிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் மின்குறியை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று சன்னமானதைப் பார்த்துக்கொள்ளும், மற்றது உரத்ததை. இரண்டையும் இணைத்து எழுதுவதால்தான் அந்த வசதி உண்மையில் பயன்படுகிறது.

லாபம் என்ன? லெவல் வைக்க வேண்டியதில்லை. நிசப்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று இடி இடித்தாலும் அலையின் தலை வெட்டுப்படாது, வீட்டுக்கு வந்து லெவலைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தம் வந்தால் ஃப்ளோட் காப்பாற்றாது. சீறுகிற மைக்கையும் அது அமைதியாக்காது.

24 பிட்டில் வேலை செய்கிறவர்கள் மீட்டரில் உச்சம் -12 டெசிபெல் அருகில் வரும்படி லெவல் வைத்தால் போதும். இடி வரும் என்று தெரிந்தால் இன்னும் கீழே. நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன், ஒரு குறையும் இல்லை.

இனி ப்ரீஆம்ப் இரைச்சல். இதை டிபியு, டிபிவி என்ற இரண்டு மின்னழுத்த அலகுகளில் சொல்வார்கள். எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அமைதி. ஜூம் எச்5 ரெக்கார்டருக்குத் தரும் எண் -120 டிபியு. எஃப்3க்கு -127. சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-3 என்ற ரெக்கார்டருக்கு -130, ஆனால் கவனியுங்கள், அது டிபிவி. டிபியுவில் சொன்னால் ஏறக்குறைய -128. ஆக, எஃப்3க்கும் அதற்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் ஒரு டெசிபெல்தான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

இப்போது முக்கியமான கணக்கு. இஎம்272 மைக்கின் உணர்திறன் -28 டிபிவி, அதாவது சின்னச் சத்தத்துக்கே நிறைய மின்னழுத்தம் தரும். அதன் சொந்தச் சீறல் ரெக்கார்டரை வந்தடையும்போது -108 டிபிவி. ப்ரீஆம்ப்பின் இரைச்சல் அதற்கு வெகு கீழே கிடக்கிறது, அதனால் சாதாரண ரெக்கார்டரில் போட்டாலும் காதுக்கு வராது. அதே 14 டெசிபெல் சீறலோடு, -40 உணர்திறன் உள்ள வேறொரு மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீறல் -120 டிபிவியில் வந்து சேரும். எச்5இன் இரைச்சல் டிபிவியில் -122. இரண்டும் கூடி மொத்தச் சீறலை 2 டெசிபெல் உயர்த்திவிடும். உணர்திறன் கூடிய மைக் இருந்தால் விலையுயர்ந்த ப்ரீஆம்புக்கு அவசியம் குறைகிறது.

நெடுங்காது

அளவுகோல், இதைத்தான் சொல்ல நினைத்தேன், இவ்வளவு தெளிவாக எனக்கு வந்திருக்காது.

தூறல், இதை வைத்து உங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று கிடைக்கிறது. இஎம்272 கேப்ஸ்யூல் வைத்த சின்ன மைக் ஜோடி ஒன்றும், 3.5 மிமீ துளையில் மைக்குக்கு மின்சாரம் தரும் எளிய ரெக்கார்டர் ஒன்றும். அந்த வசதியை 'ப்ளக்-இன் பவர்' என்பார்கள். மெனுவில் அதை ஆன் செய்ய வேண்டும், மறந்தால் வெறும் மௌனம்தான் பதிவாகும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள பெரிய இணைப்பு) மைக்குக்குத் தரும் 48 வோல்ட் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த மைக்குகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பவை. ஒரு மரத்தின் இரு பக்கத்திலும் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டால் மரமே நடுவில் தலைபோல நின்று இடம் வலம் பிரித்துத் தரும். ஹெட்ஃபோனில் கேட்டுப்பாருங்கள், பறவை தோளுக்குப் பின்னால் இறங்கி உட்காரும்.

மண்வாசம்

பறவைகள் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

தூறல் தம்பி, ரெக்கார்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கைபேசியை அவர் பக்கத்தில் வைத்து ஒரு கதையாவது எடுத்துவிடுங்கள். நான் என் அம்மாவுக்காக நல்ல மைக் தேடித்தேடி ஏழு மாதம் கழித்தேன். மைக் வந்தது. அதற்குள் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு குழறிவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தற்செயலாகப் பதிவான நாற்பது வினாடி. "சாப்பிட்டியா, வெயில்ல அலையாதே" என்கிறார். அதில் இல்லாத தரக்குறைவே இல்லை. ஆனாலும் அதைத்தான் வாரம் ஒருமுறை கேட்கிறேன்.

ரெக்கார்டர் வந்த பிறகு, மைக்கை அவர் வாய்க்கு ஒரு முழத்துக்குள் கொண்டுபோங்கள், நேர் எதிரில் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் உயரும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். எந்தக் கருவியைவிடவும் பெரிய லாபம் இதுதான். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், சுவர்க்கடிகாரம் மூன்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் கார் சாவியை அதற்குள் வையுங்கள், திரும்ப ஆன் செய்ய மறக்கமாட்டீர்கள். மெத்தை, திரைச்சீலை உள்ள அறை நல்லது. மேசைமேல் வைத்தால் அடியில் மடித்த துண்டு போடுங்கள், வளையல் தட்டும் சத்தம் மேசை வழியாக ஏறாது.

ஆரம்பத்தில் நீங்களே தேதி, இடம், அவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். ஃபைலின் பெயர் மாறிப்போகலாம், உங்கள் குரல் அங்கேயே இருக்கும். அவர் நடுவில் பேச்சை நிறுத்தினால் அவசரப்பட்டு அடுத்த கேள்வி கேட்காதீர்கள். நல்ல கதைகள் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வரும்.

காட்டுவழி

மண்வாசம் அக்கா, படித்துவிட்டு என் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். பதிவும் செய்தேன்.

தூறல்

நானும் நேற்று இரவே கைபேசியில் எடுத்துவிட்டேன் அக்கா. இருபத்திரண்டு நிமிடம். நன்றி.

96 கிலோஹெர்ட்ஸ் கேள்வி மட்டும் பாக்கி.

அளவுகோல்

48 போதும். ஒரு வினாடியில் எத்தனை ஆயிரம் முறை சத்தத்தை அளக்கிறது என்ற எண் இது, அதில் பாதி உயரம் வரையுள்ள சத்தம்தான் பதிவாகும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், 48இல் பதிவு செய்தால் 24 வரை வரும். வௌவால் குரலைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்க ஆசையிருந்தால் 192 அல்லது அதற்கும் மேல் வேண்டும், மைக்கும் அதுவரை கேட்க வேண்டும்.

கார்டு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 96 என்றால் இரண்டு மடங்கு. 48இல் 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி. ஒரு ஃபைல் 2 அல்லது 4 ஜிபியைத் தொட்டதும் பல ரெக்கார்டர்கள் அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடும், பயப்பட வேண்டாம். எம்பி3இல் மட்டும் பதிவு செய்யாதீர்கள். சில்வண்டுகளின் மெல்லிய கீறல் சத்தம்தான் அதில் முதலில் குழையும்.

காட்டுவழி

வௌவால் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. இரவு முழுவதும் காட்டில் விட்டுவிட்டு வர நினைப்பவர்கள் ஆடியோமோத் பாருங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று ஏஏ பேட்டரி, 384 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். எத்தனை மணிக்கு விழித்து எத்தனை மணிக்கு உறங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரே ஒரு மைக், அதுவும் கேட்டு ரசிப்பதற்கானதில்லை. எந்த உயிர் எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான்.

பின்னிரவு

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லை. திரும்பச் சார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5. எந்த வகை போட்டிருக்கிறீர்கள் என்று மெனுவில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திரையில் காட்டும் அளவு பொய்யாகிவிடும். எனக்கு இப்படி ஒருமுறை பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டிக்கொண்டே அணைந்துபோனது. ஃபைல் சரியாக மூடப்படாமல் ஒரு மணி நேரத் தவளைக் கச்சேரி போயே போய்விட்டது. 48 வோல்ட் மைக் போட்டால் பேட்டரி வேகமாகத் தீரும், யூஎஸ்பி பவர்பேங்க் கொண்டுபோங்கள்.

தூறல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நெடுங்காது ஐயா சொன்ன மூன்றாவது வழிக்கே போனேன். ஒருவர் பயன்படுத்திய சின்ன ரெக்கார்டர், இஎம்272 ஜோடி, உரோம உறை இரண்டு, ஹெட்ஃபோன்.

முதல் இரண்டு காலையும் வீண். ஒரு நாள் ப்ளக்-இன் பவரை மறந்தேன். சொல்லியிருந்தும் மறந்தேன். அடுத்த நாள் என் சட்டையின் சலசலப்பே பறவைகளைவிட அதிகம் கேட்டது. மூன்றாம் நாள் மைக்குகளை மரத்தில் கட்டிவிட்டு இருபதடி தள்ளிப்போய் உட்கார்ந்தேன். இருட்டு விலகும் முன் ஏதோ ஒரு சின்னக் குரல், மூன்று முறை, இடது பக்கம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' முதன்முறையாக உஸ் இல்லாமல் பதிவாகியிருக்கிறது. இலையிலிருந்து பனி சொட்டுவது தனித்தனியாகக் கேட்கிறது.

அதைப் பாட்டிக்கு ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சின்ன வயதில் அவர் அப்பாவோடு இருட்டில் வயலுக்குப் போனதைச் சொல்ல ஆரம்பித்தார். இதுவரை நான் கேட்டிராத கதை. ரெக்கார்டர் மடியில்தான் இருந்தது, பொத்தானை அழுத்திவிட்டேன். மைக்கை முழ தூரத்தில் வைக்கவெல்லாம் நேரமில்லை.

ஒரு சந்தேகம். அந்தப் பதிவு முழுக்க அடியில் மெல்லிய 'ம்ம்ம்' என்ற சத்தம் ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிடலாமா, குரல் கெடுமா?

மண்வாசம்

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாக வெட்டிப்பாருங்கள் தம்பி, குரலின் கனம் போகிறது என்று பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆனால் அசல் ஃபைலில் கை வைக்காதீர்கள். முதலில் அதை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.